காலை பத்து மணிக்கு வருவார்கள்

மைக்கைப் பார்த்தால் எனக்கு இன்றைக்கும் பயம். படம் விட்டு வரும்போது தியேட்டர் வாசலில் மைக்கை நீட்டிக்கொண்டு "படம் எப்டிண்ணா?" என்று நிற்கிறார்களே, அவர்களைக் கண்டால் பைக் ஸ்டாண்டு பக்கமாகச் சுற்றிக்கொண்டு ஓடிவிடுவேன். எல்லாம் ஒரு வெள்ளிக்கிழமை செய்த வேலை.

எனக்குத் திருமுடிவாக்கத்தில் ஒரு சின்ன கம்பெனியில் லேத் ஓட்டும் வேலை. வீடு ராஜகீழ்ப்பாக்கம். மனைவி, காலேஜுக்குப் போகும் ஒரு மகள். இதற்கு வெளியே எனக்கு உள்ள ஒரே பைத்தியம் சினிமா. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஜங்ஷன் டீக்கடையில் மூன்று பேர் கூடுவோம். ஒருவர் கோவளத்திலிருந்து மீன் கொண்டுவந்து தெருத்தெருவாக விற்பவர். அவருக்குக் கலர் வந்த அன்றே சினிமா செத்துவிட்டது. இன்னொருவர் மேடவாக்கம் அபார்ட்மென்ட்டுகளுக்குத் தண்ணீர் லாரி ஓட்டுகிறவர். பழைய படத்தில் சண்டை போடும்போது சட்டைகூடக் கசங்குவதில்லை என்பது அவர் கட்சி. குரல் உயரும், டீ ஆறிப்போகும், கடைக்காரர் அதட்டுவார். அடுத்த வாரம் அதே பெஞ்சில் அதே மூன்று பேர்.

நான் இருவருக்கும் நடுவில் இருந்தேன். எனக்குப் பழசு, புதுசு எல்லாம் கிடையாது, ஒரே ஒரு நடிகர்தான். பெயர் வேண்டாம், பட்டது போதும். எங்கள் ஆள் என்றே சொல்லிவிடுகிறேன். முப்பது வருஷத்துக்கு மேலாக அவர் படம் எது வந்தாலும் முதல் காட்சி பார்த்துவிடுவேன்.

அந்த வெள்ளிக்கிழமையும் அப்படித்தான். நைட் ஷிப்ட் முடித்து, வீட்டுக்குக்கூடப் போகாமல், பாக்கெட்டுக்கு மேல் கம்பெனி பெயர் தைத்த நீலச் சட்டையோடு தாம்பரத்து தியேட்டருக்குப் போய் நின்றேன். இடைவேளை வரைக்கும் விசில் அடித்தேன். அதற்குப் பிறகு ஒரு பாட்டு வந்தது. சுற்றி நூறு பேர் ஆடுகிறார்கள், எங்கள் ஆள் நாற்காலியில் உட்கார்ந்து கையை மட்டும் அசைக்கிறார். காமிராவை ஆட்டி ஆட்டி மறைக்கிறார்கள். எனக்குப் புரிந்துவிட்டது. முழங்கால் போய்விட்டது மனுஷனுக்கு.

வெளியே வந்ததும் ஒருவன் மைக்கை நீட்டினான். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அடக்கத் தெரியாது.

"முப்பது வருஷமா பாத்துகினு கீறேன். அவரு ஆடுனா நாங்க சீட்டு மேல ஏறி ஆடுவோம். இன்னிக்கு அவரால முடியல, மனசு கஷ்டமா கீது. எங்களுக்காக நீ கஷ்டப்பட்டது போதும் தலைவா. வூட்டுக்குப் போய் ரெஸ்ட் எடு."

சொல்லும்போதே கண் கலங்கிவிட்டது. துடைத்துக்கொண்டு பஸ் ஏறி, வீட்டுக்குப் போய்ப் படுத்துத் தூங்கிவிட்டேன்.

சாயங்காலம் மகள் எழுப்பினாள். கையில் போன். முகம் வெளுத்திருந்தது.

"அப்பா, இன்னாப்பா இது? நீதான?"

நான்தான். ஆனால் நான் சொன்னது அதில் இல்லை. முப்பது வருஷமும் இல்லை, மனக்கஷ்டமும் இல்லை, கண்ணீரும் இல்லை. "போதும். வூட்டுக்குப் போய் ரெஸ்ட் எடு" என்பது மட்டும் மூன்று தடவை வந்தது, பின்னால் ஒரு சிரிப்புச் சத்தத்தோடு. மேலே பெரிய எழுத்தில், கழுவி ஊற்றிய கம்பெனி அண்ணன் என்று போட்டிருந்தார்கள். கீழே ஆயிரக்கணக்கில் திட்டு. திட்டைப் படித்து நான் பயப்படவில்லை, அதெல்லாம் டீக்கடையில் கேட்காததா. ஒருவன் என் சட்டைப் பாக்கெட்டைப் பெரிதாக்கிப் போட்டு, 'இது திருமுடிவாக்கம் கம்பெனி' என்று எழுதியிருந்தான். அதற்குக் கீழே இன்னொருவன், 'இந்த ஆளை ராஜகீழ்ப்பாக்கம் டீக்கடையில பாத்திருக்கேன். வூட்டக் கண்டுபிடிச்சிரலாம்.'

அங்கேதான் எனக்குப் பயம் பிடித்தது. வீட்டுக்கு வருவார்கள். மனைவி முன்னால், மகள் முன்னால் என்னை நிறுத்துவார்கள். எப்படி வருவார்கள், எத்தனை மணிக்கு வருவார்கள், வந்து என்ன செய்வார்கள் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். ஏனென்றால் அந்த முறையை எங்கள் பக்கத்தில் வகுத்தவனே நான்தான்.

இதை என் மனைவியிடம்கூட அதுவரை சொன்னதில்லை. கல்யாணத்துக்கு முன்பு எங்கள் ஆளின் ரசிகர் மன்றத்தில் நான் கிளைச் செயலாளர். சேலையூரில் ஒரு கணக்கு வாத்தியார் இருந்தார். சலூனில் ஷேவிங்குக்கு உட்கார்ந்தபோது எங்கள் ஆளைப் பற்றி "இதெல்லாம் ஒரு நடிப்பா?" என்று கேட்டாராம். அவ்வளவுதான் அவர் செய்த குற்றம். பையன்கள் அன்றைக்கே போய் அடிக்கலாம் என்றார்கள். நான்தான் பெரிய மேதாவி மாதிரி தடுத்தேன். ராத்திரியில் போனால் திருடன் என்று கத்துவார்கள். காலை பத்து மணிக்குப் போகணும். தெருவில் எல்லாரும் இருப்பார்கள், எல்லாரும் பார்ப்பார்கள். செருப்பை வாசலில் கழற்றணும். கை வைக்கக் கூடாது. எங்கள் ஆள் படத்துக்கு மாலை போட்டு எடுத்துப் போய், அவர் கையாலேயே கற்பூரம் ஏற்ற வைக்கணும்.

ஒன்பது பேர் போனோம். வாத்தியார் வேட்டி பனியனோடு நின்றார். தீப்பெட்டியை நான்தான் கொடுத்தேன். நாலு குச்சி அணைந்து ஐந்தாவதுதான் பற்றியது. அவர் மனைவி உள்ளே போய் எங்கள் எல்லாருக்கும் தண்ணீர் கொண்டுவந்தார். டம்ளர் போதாமல் டபரா, கிண்ணம், குழந்தையின் பால் டம்ளர் வரைக்கும் எடுத்துவந்து ஒவ்வொருவர் கையிலும் கொடுத்தார். "சும்மாதான் சார், பயப்படாதீங்க" என்று சொல்லிவிட்டு வந்தோம். திரும்பும்போது எங்களுக்குள் ஒரே பெருமை. பார்த்தாயா, நாம் முறையாகப் போனதால் மரியாதையாகத் தண்ணீர் கொடுத்தார்கள், நல்ல மனுஷங்க என்று பேசிக்கொண்டே வந்தோம். வாத்தியார் அதற்குப் பிறகு அந்த சலூன் பக்கம் வரவே இல்லை. அதையும் வெற்றிக் கணக்கில்தான் சேர்த்தோம்.

மறுநாள் சனிக்கிழமை. காலையிலேயே முதலாளியிடமிருந்து போன். "ஆபீஸ் போன் ஓயல. உன்ன யாருய்யா கம்பெனி சட்டையோட படத்துக்குப் போகச் சொன்னது? புதன்கிழமை வரைக்கும் இந்தப் பக்கம் வராத." கோபமாகப் பேசினாலும் அவர் குரலிலும் பயம் இருந்தது. பத்து மணி ஆவதற்குள் ஜன்னலை எல்லாம் சாத்தினேன். தெருவில் பைக் சத்தம் கேட்டால் ஜன்னல் இடுக்கில் போய்ப் பார்த்தேன். கேஸ் சிலிண்டர் போடுகிறவர் கதவைத் தட்டியபோது பாத்ரூமில் போய் ஒளிந்துகொண்டேன். ஐம்பத்து மூன்று வயது ஆள்.

பத்து தாண்டியது. யாரும் வரவில்லை. அன்று மகளுக்கு மதியம் வரை வகுப்பு. அவள் பஸ் விட்டு இறங்கும் நேரத்துக்கு, கொரோனா காலத்து மாஸ்க் ஒன்றைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டு, தொப்பியை இழுத்துவிட்டு ஸ்டாப்பிங்கில் போய் நின்றேன். யாரோ பின்னாலிருந்து தோளில் கை வைத்தார்கள். எனக்கு உயிரே போய்விட்டது. திரும்பினால் மீன்காரர்.

"இன்னாய்யா, திருடன் மாதிரி நிக்கிற? நடைய வச்சே கண்டுபுட்ச்சிட்டேன்."

"அந்த வீடியோ பாத்தியா?"

"பாத்தேன். நீ சொன்னது கரீட்டுதான். ஆனா டீக்கடையில சொல்ல வேண்டியத எதுக்கு மைக்குல சொன்ன? நம்ம பெஞ்சுல நீ இன்னா பேசுனாலும் எனக்கு உன்னத் தெரியும். மைக்குக்கு உன்னத் தெரியுமா?"

மகள் பஸ்ஸிலிருந்து இறங்கி, என்னை அடையாளம் தெரியாமல் தாண்டிப் போனாள். பத்தடி பின்னால் நடந்தேன். அவள் வேகமாக நடக்க ஆரம்பித்தாள். என்னைப் பார்த்துத்தான் பயந்து ஓடுகிறாள் என்று தெரிந்ததும் மாஸ்க்கைக் கழற்றிக் கூப்பிட்டேன். நடுரோட்டில் நின்று அழுதாள்.

அன்று சாயங்காலம் மனைவியிடம் வாத்தியார் கதையைச் சொன்னேன். அவள் பீன்ஸ் நறுக்கிக்கொண்டே கேட்டாள். முடித்ததும், "அப்போ நாளைக்கு ஞாயித்துக்கெழம. தெருவுல எல்லாரும் இருப்பாங்க. நாளைக்குத்தான் வருவாங்க" என்றாள். நான் நினைத்துச் சொல்லாமல் விட்டதை அவள் சொல்லிவிட்டாள்.

வந்தார்கள். பத்து அடித்துக் கொஞ்ச நேரம் ஆகியிருக்கும். மூன்று பைக், ஆறு பேர். எல்லாம் இருபது, இருபத்திரண்டு வயதுப் பையன்கள். ஜன்னல் இடுக்கு வழியாகப் பார்த்தேன். எதிர்வீட்டுக்காரர் காரைக் கழுவுவதை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார். பையன்கள் வாசலில் செருப்பைக் கழற்றினார்கள். அடிக்க வருகிறவன் செருப்பைக் கழற்ற மாட்டான். இவர்கள் என் முறையில் வந்திருக்கிறார்கள். யார் சொல்லிக்கொடுத்தது இவர்களுக்கு?

மகளை உள் அறையில் வைத்து மனைவி தாழ்ப்பாள் போட்டாள். நான் கதவைத் திறந்தேன்.

"பயப்படாதீங்க அங்கிள்" என்றான் முன்னால் நின்றவன். நல்ல வாட்டசாட்டமான பையன், மரியாதையான குரல். "ஒரு சின்ன மேட்டரு. எங்க ஆள தப்பாப் பேசிட்டீங்க. ஒரு வீடியோ குடுத்தீங்கன்னா போயிருவோம்."

"கற்பூரம் ஏத்தணுமா?" என்று கேட்டுவிட்டேன்.

ஆறு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள். "கற்பூரமா? இன்னா அங்கிள், சாமியா கும்புடப் போறோம்? சாரி சொன்னாப் போதும்."

சுவரோரம் நிற்கவைத்தார்கள். ஒருவன் போனில் எங்கள் ஆள் படத்தை வைத்து என் தோளுக்குப் பக்கத்தில் நீட்டிப் பிடித்துக்கொண்டான், இன்னொருவன் எடுத்தான். நான் உங்கள் ரசிகன்தான், உங்களைவிடப் பழைய ரசிகன், நான் முழுசாகச் சொன்னதைக் கேளுங்கள் என்று சொல்ல வேண்டும் என்று இரண்டு நாளாக மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். ஒரு வார்த்தை வரவில்லை. "தெரியாமப் பேசிட்டேன், மன்னிச்சிருங்க" என்றேன். "ஃபீல் வரல அங்கிள், இன்னொரு தபா" என்றான். இரண்டாம் தடவை குரல் உடைந்தது. மூன்றாம் தடவை கை கூப்பச் சொன்னார்கள். கூப்பினேன். என் வீட்டுச் சுவர், என் கல்யாணப் போட்டோவுக்குக் கீழே.

அப்போது மனைவி தட்டில் ஆறு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்தாள். டம்ளர்கள் ஒன்றோடொன்று மோதி ஓசை கேட்டது. ஒவ்வொருவர் கையிலும் எடுத்துக் கொடுத்தாள். போனை நீட்டியிருந்தவன்கூட அதைப் பாக்கெட்டில் போட்டுவிட்டு வாங்கிக்கொண்டான். குடித்தார்கள். "தேங்க்ஸ் ஆன்ட்டி" என்றான் முன்னால் நின்றவன். கிளம்பும்போது என் தோளைத் தட்டி, "சும்மாதான் அங்கிள், மனசுல வச்சுக்காதீங்க" என்றான். படியிறங்கும்போது இன்னொருவன் அவனிடம் சொன்னது காதில் விழுந்தது. "நல்ல மனுஷங்கடா. தண்ணியெல்லாம் குடுத்தாங்க."

பைக் சத்தம் அடங்கியதும் தரையில் உட்கார்ந்துவிட்டேன். மனைவி டம்ளர்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். எனக்கு அவள்மேல் கோபமாக வந்தது. கோபப்பட வேறு ஆள் இல்லை.

"அவனுங்களுக்கு எதுக்கு நீ தண்ணி குடுத்த? மரியாத ஒரு கேடா?"

அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"கையில டம்ளர் இருந்தா கை ஓங்க மாட்டாங்கன்னுதான் குடுத்தேன்."

உள் அறைத் தாழ்ப்பாளைத் திறக்கப் போனாள். நான் எழுந்திருக்கவில்லை. சேலையூரில் அந்த அம்மா குழந்தையின் பால் டம்ளரைத் தேடி எடுத்துவந்து கடைசி ஆளாக நின்ற என் கையில் கொடுத்தார். குடித்துவிட்டு, இன்னும் கொஞ்சம் கேட்டேன்.