படம் என்று ஒரு கோப்புறை

கணினியில் இடமில்லை என்று அறிவிப்பு வந்தபோது எனக்கு உள்ளூர மகிழ்ச்சிதான். பணி ஓய்வு பெற்றவனுக்கு ஒழுங்குபடுத்த ஏதாவது கிடைப்பது அரிது. அரசு அலுவலகத்தில் கோப்புப் பிரிவைக் கட்டி மேய்த்தவன் நான். எதை வைத்திருக்க வேண்டும், எதை அழிக்க வேண்டும், அழிப்பதற்கு யார் யார் கையெழுத்திட வேண்டும் என்பதெல்லாம் அத்துப்படி. கெலுகோரில் உள்ள எங்கள் வீட்டில் கையெழுத்திட ஆளில்லை என்பது மட்டும்தான் குறை.

இடம் தேவைப்பட்டது மனைவிக்கு. அவளுடைய தம்பிக்கு அறுபது வயது நிறைகிறது. சனிக்கிழமை ஜெலுத்தோங்கில் ஒரு மண்டபத்தில் விருந்து. அங்கே திரையில் காட்டப் படங்களைச் சேர்க்கும் பொறுப்பு இவளுடையது. அவற்றில் ஒன்றுதான் அவளுக்கு உயிர். மார்க்கெட் வாசலில் அவர்களுடைய அப்பா சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். முன்கம்பியில் தம்பி, சின்னப் பையன், உட்கார்ந்திருக்கிறான். அதன்பின் சில மாதங்களில் அப்பா போய்விட்டார். அவரோடு தனக்கு ஒரு படம் இருப்பதே தம்பிக்குத் தெரியாது. பட்டர்வொர்த்தில் இருக்கும் சித்தியின் பழைய ஆல்பத்தில் அதைக் கண்டுபிடித்து, கைப்பேசியில் பிடித்து வந்து, தம்பியிடம் மூச்சு விடாமல் வைத்திருந்தாள்.

நான் கணினியில் உட்கார்ந்தேன். எங்கள் குடும்பத்தின் படக் களஞ்சியத்தை ஆராய்ந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், நாங்கள் மனிதர்களை அதிகம் படம் பிடித்ததில்லை. ரோஜாப் பூக்களோடு காலை வணக்கம் சொல்லும் படங்கள். ஒரே தட்டு நாசி கண்டார் சோறு, பல கோணங்களில். வணிக வளாகங்களில் காரை எங்கே நிறுத்தினோம் என்று மறக்காமலிருக்க எடுத்த தூண்கள். தூண்கள் மட்டுமே ஒரு கோயில் கட்டப் போதும். என் கட்டைவிரலும் கணிசமான இடங்களில் தலைகாட்டியிருந்தது.

முறைப்படி செய்தேன். வைத்திருக்க வேண்டியவற்றை வெளியே செருகும் வன்தட்டுக்கு மாற்றினேன். அழிக்க வேண்டியவற்றைத் திரையின் நடுவே ஒரு கோப்புறையில் போட்டேன். உடனே அழிக்கவில்லை. ஒருநாள் அவகாசம் தருவது என் வழக்கம். அலுவலகத்தில் அதுகூடத் தராதவர்கள் இருந்தார்கள். வன்தட்டுக்குப் போனவை காலி செய்த இடமே போதுமென்று தோன்றியதால் மனைவியைக் கூப்பிட்டு, “இப்ப ஏத்திக்கோ. ஏத்தினதும் போன்ல இருக்கறத எடுத்துட்டு, அதோட குப்பைத் தொட்டியையும் காலி பண்ணிடு. ஒரே படத்துக்கு ரெண்டு பிரதி எதுக்கு?” என்றேன். அவள் சொன்னபடி செய்தாள். திருமண வாழ்க்கையில் அது அடிக்கடி நடப்பதில்லை.

மறுநாள் கோப்புறையை அழித்தேன். குப்பைத் தொட்டியையும் காலி செய்தேன். அழிக்குமுன் பிரதி எடுத்தாயா என்று பிற்பாடு பலர் கேட்டார்கள். வைத்திருக்க வேண்டியதற்குத்தான் பிரதி. அழிக்க வேண்டியதற்குப் பிரதி எடுப்பவன் அழிக்காமலே இருந்துவிடலாமே.

வியாழக்கிழமை காலை கணினி அறையிலிருந்து குரல் வந்தது.

“என்னங்க, என் படமெல்லாம் எங்க?”

“நீ எங்க வச்ச?”

“படத்துலதான்.”

“எந்தப் படத்துல?”

“ஐயோ, படம்னு நீங்கதானே எழுதி வச்சிருந்தீங்க! பி, ஏ, டி, ஏ, எம்!”

“அது மலாய்,” என்றேன்.

மலாயில் அந்த ஐந்து எழுத்துக்கு ‘அழி’ என்று பொருள். விளக்கை அணைப்பதற்கும் அதே சொல். அலுவலகத்தில் எல்லாம் மலாய்தான்; அந்தப் பழக்கத்தில் வைத்துவிட்ட பெயர். அவளோ அதைத் தமிழாக வாசித்து, கோப்புறையைத் திறந்துகூடப் பார்க்காமல், தன் படங்களை அதன் தலையில் இழுத்துப் போட்டிருக்கிறாள்.

“உனக்கு மலாய் தெரியாதா?” என்று கேட்டது என் தவறு. ஜெலுத்தோங்கில் பிறந்தவள். மீன்காரரிடம் அவள் பேசும் மலாய்க்கு அவரே விலையைக் குறைத்துவிடுவார்.

“வீட்ல என்னைக்கு என்கிட்ட மலாய்ல எழுதியிருக்கீங்க? ‘சாப்பிட வரேன்’னு அனுப்பறதுகூட ஏபிசிடி எழுத்துல தமிழ்தானே? இது வீடா, உங்க ஆபீசா?”

நான் கணினியின் இணைப்புகளைக் கழற்றத் தொடங்கினேன்.

சூலியா தெருப் பக்கம் ஒரு கணினிக் கடைக்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். கடைக்காரர் வெகுநேரம் தட்டிப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார். “அங்கிள், எல்லாரும் அரைகுறையா அழிச்சிட்டு வருவாங்க, ஏதாச்சும் எடுத்துக் குடுப்போம். நீங்க ரொம்ப நல்லா அழிச்சிருக்கீங்கலா!” நான் பணியில் இருந்த காலத்தில் யாரும் என்னை இப்படிப் பாராட்டியதில்லை.

அதற்குள் மனைவி, தம்பி இல்லாத ஒரு வாட்ஸ்அப் குழுவைத் தொடங்கி, நடந்ததை ஒன்றுவிடாமல் குரல்பதிவாகப் போட்டிருந்தாள். அவளுடைய அக்காவின் பதில் முதலில் வந்தது. “கவர்மெண்ட்ல இருந்தப்ப ஒரு ஃபைல் நகர ஆறு மாசம் ஆச்சு. இப்ப மட்டும் ஒரே நாள்ல வேல முடிஞ்சிருச்சா?” சிரிக்கும் முகங்கள் வரிசையாக விழுந்தன. பின்னாலேயே படங்களும் வந்தன. மாலைக்குள் ஏறக்குறைய எல்லாம் திரும்பிவிட்டன, அந்தச் சைக்கிள் படத்தைத் தவிர.

வெள்ளிக்கிழமை பாலத்தைக் கடந்து சித்தி வீட்டுக்குப் போனோம். வழி முழுக்க மனைவி கடலைப் பார்த்துக்கொண்டு வந்தாள். நான் கப்பல்களைப் பற்றி இரண்டு முறை பேச்செடுத்தேன்; பலனில்லை.

சித்தி வாசலிலேயே பிடித்துக்கொண்டார். “வாங்க மாப்பிள்ள. போன தடவ எடுத்துட்டுப் போனத என்ன பண்ணீங்க?”

“அழிச்சுட்டாரு,” என்றாள் மனைவி.

“எதுக்கு?”

“இடம் வேணும்னு.”

“ஒரு படம் வைக்கவா இடமில்ல?” என்று சித்தி என்னைப் பார்த்தார். விளக்கத் தொடங்கினேன். பாதியில் நிறுத்திக்கொண்டேன்.

ஆல்பத்தில் படம் இல்லை. “நீ வந்து அத்தன ஆசையா கேட்டதுக்கப்பறம்தான் எனக்கே அதோட அரும தெரிஞ்சது. சட்டம் போட்டுட்டேன்,” என்று கூடத்துச் சுவரைக் காட்டினார். கண்ணாடிக்குள் சைக்கிளோடு மாமனார். பின்பக்கம் பசை போட்டு ஒட்டியாயிற்று, பிரித்தால் கிழியும். கண்ணாடியோடுதான் எடுக்க வேண்டும். மனைவி கைப்பேசியை என்னிடம் நீட்டினாள். சன்னலை மூடினேன், விளக்கை அணைத்தேன், சாய்ந்து நின்றேன், குனிந்து நின்றேன். எப்படி எடுத்தாலும் மாமனாரின் தோளுக்குப் பின்னால், கண்ணாடியில் விழுந்த ஒரு வழுக்கைத் தலை தெரிந்தது.

“பரவாயில்ல விடுங்க,” என்றாள். இரண்டு நாளில் என்னிடம் அவள் சொன்ன முதல் நல்ல வார்த்தை. கூடவே சேர்த்துக்கொண்டாள்: “அந்தக் காலத்துல பின்னாடி யாராச்சும் நின்னிருப்பாங்கன்னு நெனச்சுக்குவாங்க.”

சனிக்கிழமை மண்டபத்தில் விசிலும் கூச்சலுமாகப் படங்கள் ஓடின. சைக்கிள் படம் வந்ததும் மைத்துனர் கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தார். எழுந்து திரைக்கு அருகே போனார். அப்பாவின் முகத்துக்கு நேராக, எட்டித் தொடுவதுபோல் நின்றார். கணினிக்குப் பக்கத்தில் இருந்தவரிடம் கையைக் காட்டிப் படத்தை நிறுத்தச் சொன்னார். மனைவி என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

வெகுநேரம் பார்த்தபின் அவர் திரும்பினார். கண்களைத் துடைத்துக்கொண்டார். பிறகு கண்களைச் சுருக்கி மறுபடியும் திரையைப் பார்த்தார்.

“அத்தான், நீங்க எப்படி இதுல உள்ள வந்தீங்க?”

மண்டபமே திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தது. என்னை அந்தப் படத்திலிருந்து நீக்கிவிடலாம், அதற்கொரு செயலி இருக்கிறது, நாளைக்கே செய்து தருகிறேன் என்றேன்.

“வேணாம் அத்தான்! அப்பா பக்கத்துல அப்படியே இருங்க,” என்றார் அவசரமாக. “நீங்க இனிமே எதையும் நீக்க வேணாம்லா.”

அப்படியே பெரிதாக அச்சிட்டுத் தன் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறார். நான் பார்த்தேயிராத என் மாமனாருக்குப் பின்னால், கைப்பேசியும் கையுமாக, நானும் நிற்கிறேன்.