வெள்ளைப் புள்ளி திரும்பி வந்தால்

ஈரலின் ஒரு பகுதியை வெட்டி எடுத்த பிறகு, மீதி ஈரலின் வெட்டுமுகத்தில் எங்காவது பித்தம் கசிகிறதா என்று பார்க்க நான் அறிந்த வழிகள் நான்கு. வெள்ளைத் துணியை ஒற்றி மஞ்சள் கறை தேடலாம். பித்தக்குழாய்க்குள் காற்றை விட்டு, வயிற்றுக்குள் ஊற்றிய சேலைனில் குமிழி எழுகிறதா என்று பார்க்கலாம். நீலச் சாயம் செலுத்தலாம். ஆனால் ஒருமுறை நீலமான இடம் நீலம்தான், மறுபடி சோதிப்பது கடினம். நான்காவது எனக்குப் பிடித்தது: அதே குழாய்க்குள் வெள்ளை, துடைத்துவிட்டு மறுபடி சோதிக்கலாம். வாயால் சாப்பிட முடியாதவர்களுக்கு நாளம் வழியாக ஏற்றும் கொழுப்புக் கரைசல், பார்வைக்குப் பால் மாதிரி. உணவாகக் கொடுப்பதைக் கொண்டு ஓட்டை தேடலாம் என்று முதலில் யாருக்குத் தோன்றியிருக்கும்? சத்திரசிகிச்சைக் கூடத் தாதியாகச் சேர்ந்ததிலிருந்து யோசிக்கிறேன்.

அன்றைய நோயாளி தொண்டைமானாற்றில் மீன்பிடிப்பவர். ஈரலில் கட்டி. கட்டியைவிட, பிறகு வயிற்றில் வைக்கும் குழாயில்தான் அவருக்குப் பயம். இதே சிகிச்சைக்குப் பிறகு பித்தம் கசிந்து, அவருடைய அண்ணன் வயிற்றில் குழாயும் பக்கத்தில் பையுமாக மாதக்கணக்கில் கிடந்தாராம்.

“மிஸ்ஸி, அண்ணை மாதிரி மஞ்சள் பையைக் காவிக்கொண்டு என்னாலை திரியேலாது. தோணியிலை ஓட்டையெண்டால் தண்ணி உள்ளுக்கை வரும், கண்டுபிடிக்கலாம். உது வெளியிலை போற ஓட்டை. எப்பிடிப் பிடிப்பியள்?”

“பிடிச்சுப்போட்டு வந்து சொல்லுறன், ஐயா.”

கட்டி வெளியே வந்ததும், சத்திரசிகிச்சை நிபுணர் பித்தக்குழாயின் கீழ்ப்புறத்தை விரலால் நெரித்துப் பிடித்தார். நான் நிரப்பிக் கொடுத்த வெள்ளையை உதவி வைத்தியர் சிரிஞ்சால் அந்தக் குழாய்க்குள் மெல்லச் செலுத்தினார். வெட்டுமுகத்தில் இரண்டு வெள்ளைப் புள்ளிகள். துடைத்தோம். ஒன்று திரும்பி வரவில்லை. அது சிரிஞ்சிலிருந்து சிந்தியது. மற்றது துடைக்கத் துடைக்க வந்தது. நிபுணர் அதை மெல்லிய நூலால் தைத்தார்.

“சேர், இவ்வளவு காணும்தானே? மூடுவமோ?” என்றார் உதவி வைத்தியர்.

“உமக்குக் காணும். ஈரலையும் ஒருக்கால் கேப்பம்.”

“அவருக்குப் பசி, சேர்,” என்றார் தலைமாட்டில் நின்ற மயக்க மருந்து வைத்தியர். “புட்டுப் பார்சல் ஆறுதெண்டு கவலை.”

கழுவிவிட்டு மறுபடி செலுத்தினோம். தைத்த இடம் சுத்தம். ஆனால் முன்பு ஒன்றுமே இல்லாத கீழ் விளிம்பில், ஊசிமுனை அளவில், மிக மெதுவாக வெண்மை ஊறியது. துடைத்தோம், வந்தது. பெரிய ஓட்டை திறந்திருந்தவரை எல்லாம் அந்த வழியே போயிருக்கிறது. அதை அடைத்ததும் உள்ளே அழுத்தம் கூடி, சின்னது வெளிப்பட்டிருக்கிறது. ஒன்றை மூடாமல் மற்றது தெரியாது! உதவி வைத்தியர் பசியை மறந்து குனிந்து பார்த்தார். அதையும் தைத்து, மூன்றாம் முறை செலுத்தியபோது ஒன்றும் வரவில்லை. காவலுக்கு ஒரு குழாயை வைத்து வயிற்றை மூடினார்கள்.

அடுத்து வந்த காலைகளில், வேலை தொடங்குமுன் நோயாளர் விடுதிக்குப் போய், அந்தக் குழாயின் பையைப் பார்த்தேன். அவர் பையைப் பார்க்கவில்லை, என் முகத்தைப் பார்த்தார். இளஞ்சிவப்புத் தண்ணீர், மஞ்சள் இல்லை. ஆய்வுகூட முடிவும் அதையே சொன்னதும் குழாயை எடுத்துவிட்டார்கள்.

நடந்ததை அவருக்குச் சொன்னேன்.

“ரெண்டு ஓட்டையோ? அப்ப மூண்டாவது ஒண்டும் இருந்திருக்குமோ?”

“இருந்து, தானாவே மூடியிருக்கவும் கூடும், ஐயா. அதை அறிய ஒரு வழியும் இல்லை. எனக்கும் அதுதான் யோசினை.”

சேட்டுப் பொத்தானைப் பூட்டிக்கொண்டே கட்டிலை விட்டு இறங்கினார்.

“உதை நீங்கள் இருந்து யோசியுங்கோ, மிஸ்ஸி. நான் வீட்டை போறன்.”