கிணற்றில் செத்தவள் காலை உணவுக்கு வந்தாள்

பெரியவரின் இடது கால் நகங்களை வெட்டி முடித்து, வலது காலை வெந்நீரில் ஊறவைத்துவிட்டு, நர்ஸம்மா கையைத் துடைத்துக்கொண்டாள். கால் ஊறுகிற நேரம் கதை நேரம். ரத்த அழுத்தம் பார்க்கும் கருவியைப் பாரமாக வைத்து மேசையில் விரித்திருந்த புத்தகத்தை எடுத்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தாள். அட்டையில் ஒரு பங்களா, ஒரு முழுநிலா, இரண்டு கோரைப் பல், கீழே சொட்டுகிற சிவப்பு. உள்ளே கருங்கல் பங்களாக் குடும்பத்தின் கதை. ஏழு தலைமுறைச் சாபம். மூத்தவன் ரத்தக் காட்டேரி.

“மூத்தவன் இளையவளை நெருங்கினான்” என்று வாசித்தாள். “நிலா வெளிச்சத்தில் அவன் பற்கள் மின்னின. அவன் குனிந்து அவள் கழுத்தில்...” பக்கத்தைத் திருப்பினாள். “தொங்கிய சாவியை எடுத்துக் கதவைத் திறந்தான். உள்ளே எல்லோரும் காலை உணவுக்கு உட்கார்ந்திருந்தார்கள். மூத்த மருமகள் அவன் பக்கம் ரொட்டித் தட்டை நகர்த்தினாள்.”

நர்ஸம்மா நிறுத்தினாள். மூத்த மருமகளா? அவள்தான் கல்யாணமான அன்றே கிணற்றில் விழுந்து செத்துப்போனாளே. அவள் பிணத்தைத் தூக்கி எடுக்கிற இடத்தை முந்தாநாள் தன் வாயாலேயே வாசித்தாளே.

“ஐயா, கதை புரியுதா?”

“புரியாம என்ன? மேல படி” என்றார் பெரியவர் அவசரமாக. ரயில் ஓட்டிய மனிதர். ஒரு பக்கம் வாதம் அடித்ததிலிருந்து பேச்சு மட்டும் கொஞ்சம் தாமதமாக வரும், புத்தி தாமதிக்காது.

அவருக்குப் புரிகிறது. அப்படியானால் கோளாறு எங்கே? அவள் புத்தகத்தை மூடினாள். காலைத் துடைத்தாள், தண்ணீரைக் கொட்டினாள், பாத்திரத்தைக் கவிழ்த்தாள், புத்தகத்தைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

நர்ஸம்மா என்பது அக்கம்பக்கத்தார் வைத்த பேர். அவள் நர்ஸ் இல்லை. பெரிய ஆஸ்பத்திரியில் வார்டு உதவியாளாகச் சேர்ந்து, நோயாளியைப் புரட்டிப்போடவும் புண்ணைத் துடைக்கவும் சோறூட்டவும் முறையாகப் பயிற்சி பெற்று, ஓய்வுக்குப் பிறகு வீடு வீடாகப் போய்ப் படுக்கையில் கிடப்பவர்களைப் பார்த்துக்கொள்கிறவள். கல்யாணம் ஒன்று நடந்தது. அதைப் பற்றி யாராவது கேட்டால், “பேய்க்கு வாழ்க்கப்பட்டா முருங்க மரம் ஏறித்தான் ஆகணும்னாங்க. ஏறிப் பாத்தேன். இறங்கி வந்துட்டேன்” என்பாள். அதற்குமேல் யாரும் கேட்டதில்லை.

பேய்க் கதைப் பழக்கம் வார்டில் தொற்றியது. பகலெல்லாம் ரத்தத்தில் கை நனைக்கிறவள் சாப்பாட்டு நேரத்திலும் ரத்தம் குடிக்கிற கதையைத்தான் படிப்பாளா என்று கூட வேலை பார்த்தவர்கள் கேலி செய்தார்கள். “இங்க சிந்தினா நான் தொடைக்கணும். அங்க சிந்தினா வேற யாரோ தொடைக்கிறாங்க. அந்த நிம்மதி போதும்” என்றாள். அது பாதி உண்மை. மீதிப் பாதியை அவள் சொல்லிக்கொண்டதில்லை. கதையில் வரும் சாபத்துக்கு ஒரு முடிவு இருந்தது. சவப்பெட்டியைத் திறந்து நெஞ்சில் முளையை அடித்தால் ஏழு தலைமுறைக் கணக்கும் தீர்ந்தது. அவள் வீட்டுச் சாபத்துக்கு அப்படி முளை எதுவும் இல்லை.

அவள் அம்மாவுக்கு முதலில் கதைதான் மறந்தது. ரேடியோ நாடகம் கேட்டுக்கொண்டிருந்தவள், “இவ போன வாரமே செத்துட்டாளே, இப்ப எப்படிடி பேசறா?” என்று கேட்டாள். எல்லோரும் சிரித்தார்கள். பிறகு அடுப்பு மறந்தது, தெரு மறந்தது, பெற்ற பிள்ளைகள் மறந்தார்கள். பின்னால் அக்காவுக்கும் அதே வழி. அக்கா கடைசிக் காலத்தில் இவளை அம்மா என்று நினைத்துக்கொண்டு இவள் மடியில் படுத்து அடம்பிடித்தாள். பக்கத்து வீட்டுக்காரி, “உங்க குடும்பத்துக்கு யாரோ விட்ட சாபம்” என்றபோது, “சாபமும் இல்ல சாம்பலும் இல்ல, மூளையில வர்ற நோய்” என்று அறைந்தாற்போல் சொன்னவள்தான். ஆனாலும் அக்காவுக்கு ஆரம்பித்த வயதை அவள் தாண்டிக்கொண்டிருந்தாள்.

அதனால் யாருக்கும் சொல்லாமல் ஒரு பழக்கம் வைத்திருந்தாள். புத்தகத்தைத் திறக்கும் முன் அதுவரை நடந்த கதையைத் தனக்குள் ஒருமுறை சொல்லிப் பார்ப்பாள். யார் யாரைக் கடித்தது, யார் எந்த அறையில், யார் உயிரோடு. வரிசை தப்பாமல் வந்தால் அன்றைய நாள் நல்ல நாள்.

இப்போது தப்பிவிட்டது.

வீட்டுக்கு வந்து மறுபடி புரட்டினாள். மருமகள் செத்தது அப்படியே அச்சில் இருந்தது. செத்தவர்கள் திரும்பி வருவது இந்தக் கதைகளில் புதிதில்லை. ஆனால் வருவதற்கு முன்னால் ஒரு காரணம் சொல்லிவிடுவார்கள்: செத்தது இரட்டைப் பிறவி, அல்லது கடிபட்டவளுக்குச் சாவு கிடையாது. அந்தக் காரணத்தைத் தேடினாள். இல்லை. படித்து மறந்திருந்தால்கூடத் திரும்பப் பார்க்கும்போது கண்ணில் பட வேண்டுமே? கண் எதிரே இருப்பதே தெரியாத நிலைக்கு வந்துவிட்டதா? புத்தகம் தப்பாக இருக்கும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. அச்சில் இருப்பது தப்பாது, மனித மூளைதான் தப்பும். அவள் பார்த்த வாழ்க்கை அவளுக்குக் கற்றுக்கொடுத்தது அது.

ஆஸ்பத்திரியில் டாக்டர்கள் கேட்கிற கேள்விகளைத் தன்னையே கேட்டுக்கொண்டாள். இன்று என்ன கிழமை? நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழி. மூன்று பொருளைச் சொல், கொஞ்சம் பொறுத்துத் திருப்பிச் சொல். எல்லாம் சரியாக வந்தது. அம்மாவுக்கும் முதலில் சரியாகத்தான் வந்தது.

மறுநாள் காலை பெரியவரின் வாராந்திர மாத்திரைப் பெட்டியை நிரப்ப உட்கார்ந்தாள். ஒவ்வொரு நாளுக்கும் ஒரு குழி. ரத்தம் கட்டாமல் இருக்கக் கொடுக்கிற மாத்திரையில் அரைத் துண்டு, சாயங்காலத்துக்கு. வியாழக்கிழமைக் குழிக்கு வந்தபோது கை நின்றது. புதனுக்குப் போட்டேனா? குழியில் இருந்தது. நான் போட்டதா, போன வாரத்து மிச்சமா? மொத்தத்தையும் கவிழ்த்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்தாள். மறுபடியும் கவிழ்த்தாள். அந்த அரைத் துண்டு ஒன்று இரண்டானால் பெரியவருக்கு உள்ளுக்குள் ரத்தம் கசியும். கடித்த அடையாளம்கூட இருக்காது.

எழுந்து போய் டீச்சர் முன்னால் நின்றாள். டீச்சர் பெரியவரின் மருமகள். பள்ளிக்கூடத்துக்குப் போகும் அவசரத்தில் சேலைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள்.

“டீச்சர், வேற ஆள் பாத்துக்கோங்க. நான் நாளையிலேருந்து வரல.”

டீச்சர் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். “ஏன் நர்ஸம்மா? மாமா ஏதாவது சொன்னாரா? அவரு வாய் அப்படித்தான், உங்களுக்குத் தெரியாததா?”

“அவரு ஒண்ணும் சொல்லல. என் தலைதான் சரியில்ல. எங்கம்மாவுக்கு வந்தது எனக்கும் வந்துட்டுது. மாத்திரையத் தொடறதுக்கு எனக்கு இனிமே யோக்கியதை இல்ல.”

“யார் சொன்னா? டாக்டர் சொன்னாரா?”

“புஸ்தகம் சொல்லுது.”

“எந்தப் புஸ்தகம்?”

நர்ஸம்மா சொன்னாள். கிணறு, பிணம், ரொட்டித் தட்டு எல்லாவற்றையும் நோயாளியின் நிலையை ஒப்புவிக்கிற மாதிரி வரிசையாகச் சொன்னாள். அழவில்லை. டீச்சர் வாயைத் திறப்பதற்குள் கட்டிலிலிருந்து குரல் வந்தது.

“ஏ காட்டேரி.”

தினமும் காலையில் சர்க்கரை பார்க்க விரலில் குத்திச் சொட்டு ரத்தம் எடுப்பதால் பெரியவர் அவளுக்கு வைத்திருந்த பேர் அது.

“என்னங்கய்யா?”

“அவ... கிணத்துல... விழுந்தா இல்ல?”

“விழுந்தா.”

“செத்தா இல்ல?”

“செத்துத்தான் போனா. தூக்கி எடுத்தாங்களே.”

பெரியவர் மூச்சு விட்டார். “கோளாறு... எனக்குத்தான்னு இருந்தேன். மறுபடி... அடைப்பு வந்துருச்சு, மூளையில மிச்சமும் போச்சுன்னு நெனச்சேன்.”

“அப்புறம் எதுக்குப் புரியுது புரியுதுன்னீங்க?”

“புரியலன்னா... ஸ்கேனுக்குத் தூக்கிட்டுப் போவீங்க. அந்தக் குழாய்க்குள்ள... போனவனுக்குத் தெரியும்.”

“நல்லா இருக்கு மாமா! வாந்தி வந்தாலும் மறைக்கிறது, மயக்கம் வந்தாலும் மறைக்கிறது, இப்ப இது வேறயா?” என்று டீச்சர் அவர்மீது பாய்ந்தாள். பாய்ந்துகொண்டே, நர்ஸம்மா பையோடு மேசையில் வைத்திருந்த புத்தகத்தை எடுத்தாள். பிள்ளைகளின் நோட்டைப் பார்க்கிற கையோடு முதலிலிருந்து கடைசிவரை விரலால் விசிறினாள். நடுவில் நிறுத்திப் பக்கவாட்டில் பார்த்தாள்.

“நர்ஸம்மா, இங்க பாருங்க. முன்பாதித் தாள் பழுப்பு. பின்பாதி அவ்வளவு பழுப்பில்ல. நடுவுல கோந்து.”

நர்ஸம்மா பார்த்தாள். சாவி தொங்கிய இடம்தான்.

வாடகைப் புத்தகக் கடை பஸ் நிறுத்தத்துக்குப் பின்னால், தையல் கடைக்கும் கண்ணாடிக் கடைக்கும் நடுவே ஒரு ஆள் அகலத்தில் இருந்தது. கடைக்காரரை எல்லோரும் கோந்து என்றுதான் கூப்பிடுவார்கள். கிழிந்த புத்தகத்தை ஒட்டி ஒட்டி அவர் விரல் நுனிகள் எப்போதும் பளபளவென்றிருக்கும். சாயங்காலம் நர்ஸம்மா புத்தகத்தை அவர் முன்னால் போட்டு, நடுப்பக்கத்தைத் திறந்து காட்டினாள்.

அவர் வெட்கப்படவே இல்லை.

“ஆமா நர்ஸம்மா. ஒண்ணுல பின்பக்கம் பூரா போச்சு, எலி. இன்னொண்ணுல முன்பக்கம் போச்சு, யாரோ குழந்த. கத வேற வேற, ஆனா ரெண்டும் கருங்கல் பங்களா வரிசைதான், அதே குடும்பம், அதே நீளம். பக்க நம்பர்கூடக் கச்சிதமா பொருந்துச்சு. தூக்கிப் போட மனசு வரல, ஒட்டிட்டேன்.”

“மொட்டத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போட்டிருக்கீங்க. அதுல செத்தவ இதுல ரொட்டி குடுக்கறா.”

“பேய்க் கததானே? செத்தவங்க வரத்தான் செய்வாங்க.” கொஞ்சம் யோசித்து, “இத்தன வருஷமா ஒட்டறேன், இதுவரைக்கும் ஒருத்தர்கூட வந்து கேட்டதில்ல” என்றார். அதில் லேசான பெருமையும் இருந்தது.

“நான் வேலைய விடறதா இருந்தேன், தெரியுமா?”

“ஐயோ, கதைக்காகவா?”

நர்ஸம்மா புத்தகத்தை அவர் பக்கமாகத் தள்ளினாள். நெஞ்சிலிருந்து பெரிய கல் ஒன்று இறங்கிக்கொண்டிருந்தது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டாள். அப்போதுதான் கோந்து அந்தப் பழுப்புப் பாதியைப் புரட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

“ஆனா இந்த முன்பாதி உங்களுக்குப் பழசாச்சே. முழுசா இருந்தப்ப நீங்க எடுத்துட்டுப் போயிருக்கீங்க. கிணத்துச் சீன் பிரமாதம்னு நீங்கதான் சொன்னீங்க.”

இறங்கிக்கொண்டிருந்த கல் பாதியில் நின்றது.

“நானா? எப்ப?”

“போன மழைக்கு முன்னாடி. குடைய மறந்துட்டுப் போனீங்களே, அன்னைக்கு.”

குடையை மறந்தது ஞாபகம் இருந்தது. புத்தகம் ஞாபகம் இல்லை. மனசைத் துழாவினாள். கிணறுகள் நிறைய வந்தன. எல்லாப் பங்களாவிலும் ஒரு கிணறு, எல்லாக் கிணற்றிலும் ஒரு மருமகள். அதில் இது எது?

“வேற யாராவது சொல்லியிருப்பாங்க” என்றாள்.

“இருக்கலாம்” என்று உடனே ஒத்துக்கொண்டார் கோந்து. “எனக்கும் சரியா ஞாபகம் இல்ல. கதையெல்லாம் ஒண்ணு மாதிரிதானே. ஆளுங்களும் அப்படித்தான்.”

அந்தப் பதில் உதவவில்லை. அவள் மறந்தாளா, அவர் மாற்றி நினைக்கிறாரா, அல்லது மறக்கிற மாதிரிதான் அந்தக் கதைகளை எழுதுகிறார்களா? இதைக் கண்டுபிடிக்க வழியே இல்லை. பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழித்துக்கொண்டே வந்தாள். சரியாகத்தான் வந்தது. இறங்க வேண்டிய நிறுத்தத்தில்தான் இறங்கினாள். பிறகு, அது இறங்க வேண்டிய நிறுத்தம்தானா என்று பெயர்ப் பலகையையும் ஒருமுறை பார்த்தாள்.

மறுநாள் காலை வழக்கமான நேரத்துக்கு வந்து செருப்பைக் கழற்றியதும் நேரே டீச்சரிடம் போனாள்.

“டீச்சர், புஸ்தகம் ஒட்டுப் போட்டதுதான். அது தெளிஞ்சாச்சு. என் தல ஒட்டுப் போட்டதா இல்லையான்னு தெளியல. ஞாபக மறதி பாக்கிற டாக்டர்கிட்ட எனக்கு ஒரு நாள் வாங்கிக் குடுங்க. அதுவரைக்கும் மாத்திரைப் பெட்டிய நான் தனியா தொட மாட்டேன். நீங்க பக்கத்துல நிக்கணும். சம்மதம்னா இருக்கேன்.”

“நிக்கிறேன்” என்றாள் டீச்சர். இன்னும் தலை வாரி முடிக்கவில்லை. சீப்பைத் தலையிலேயே செருகிக்கொண்டு வந்து நின்றாள்.

பெட்டியைப் பெரியவரின் கட்டிலோரம் வைத்துத் திறந்தார்கள். டீச்சர் மாத்திரையின் பேரை உரக்கப் படித்தாள். நர்ஸம்மா எடுத்துக் காட்டிவிட்டுக் குழியில் போட்டாள். ஒவ்வொன்றுக்கும் பெரியவர், சிக்னல் பார்க்கிறவரைப் போல, “சரி” என்றார். புதனும் வியாழனும் தகராறு இல்லாமல் நிரம்பின. மூடியை அழுத்தி மூடியதும் டீச்சர் சீப்பைப் பிடுங்கிக்கொண்டு ஓடினாள்.

நர்ஸம்மா அவர் விரலில் குத்தி ரத்தம் எடுத்தாள், சர்க்கரை பார்த்தாள், போர்வையை விலக்கினாள்.

“காட்டேரி” என்றார் பெரியவர்.

“என்னங்கய்யா?”

“அந்த வலது காலு... முந்தாநேத்து வெந்நீர்ல போட்டியே. நகம் வெட்டல.”

நர்ஸம்மா இரண்டு கால்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். இடது சுத்தமாக இருந்தது. வலது நீட்டிக்கொண்டிருந்தது.

“நேத்தே சொல்றதுக்கென்ன?”

“நேத்து நீ... இருந்த இருப்புக்கு... உன்கிட்ட கத்திரியக் குடுக்க நான் என்ன பைத்தியமா?”

இது மறதியா, பதற்றமா என்று அவள் ஒரு நிமிடம் நின்று யோசித்தாள். டாக்டரிடம் இதையும் சொல்ல வேண்டும் என்று வைத்துக்கொண்டு, அடுப்பில் வெந்நீர் போட்டாள். காய்ந்ததும் கொண்டுவந்து முழங்கையால் சூடு பார்த்து, அவர் வலது காலை அதில் இறக்கினாள்.

புத்தகத்தை எடுக்கவில்லை. கால் ஊறுகிற நேரம் முழுவதும் சும்மாவே உட்கார்ந்திருந்தாள். பிறகு காலைத் துடைத்து மடியில் வைத்துக்கொண்டு, கட்டை விரலிலிருந்து வெட்ட ஆரம்பித்தாள்.