நான்கு தாளில் ஒரு புள்ளி

ஸ்பிரிங்வெளித் தோட்டத்துத் தவமலருக்கு நாற்பத்து மூன்று வயது. பதினெட்டு வருடமாகத் தேயிலைத் தொழிற்சாலையில் காய்ந்த தூளிலிருந்து காம்பு பொறுக்குகிறார். பக்கத்தில் இருப்பவளோடு சண்டை போடும்போதுகூட அவர் கண் பிசகாது. தூளோடு சேராத எதையும் விரல் தானாக எடுத்து எறிந்துவிடும்.

மகள் ஜெயந்தினி பதுளைப் பள்ளியில் உயர்தர வகுப்புப் படிக்கிறாள். சிறுகோள் தேடும் மாணவர் குழுவில் அவளும் ஒருத்தி. சிறுகோள் என்பது சூரியனைச் சுற்றும் பாறைத் துண்டு. வானத்தின் ஒரே பகுதியைச் சில நிமிட இடைவெளியில் நான்கு முறை படம் எடுத்தால், நட்சத்திரங்கள் அதே இடத்தில் இருக்கும். சிறுகோள் மட்டும் சற்றே நகர்ந்திருக்கும். அப்படியான நான்கு படங்களை ஜெயந்தினி அச்செடுத்து வந்திருந்தாள். வெள்ளைத் தாளில் நட்சத்திரங்கள் நூற்றுக்கணக்கான கறுப்புப் புள்ளிகளாக இருந்தன. இரண்டு நாள் தேடியும் எதுவும் அகப்படவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மழை பிடித்ததும், கொடியில் கிடந்த துணிகளை எடுக்க அவள் தோட்டத்து லய வீட்டுக்கு வெளியே ஓடினாள். திரும்பி வந்தபோது நான்கு தாளிலும் ஒரு புள்ளி பேனாவால் குறுக்கே கோடிட்டு வெட்டப்பட்டிருந்தது.

"ஏம்மா இதக் கிறுக்குன?"

"சும்மா பாத்தேன், தூளு மாதிரி இருந்திச்சு. இது மட்டும் ஒரு எடத்துல நிக்கல. கழிவுன்னு வெட்டிட்டேன்."

ஜெயந்தினி தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தாள். "அம்மா, இதத்தான் நாங்க ரெண்டு நாளா தேடுறோம்."

தவமலருக்குக் கோபம் வந்துவிட்டது. "பதினெட்டு வருஷமா சேராதத எறியிறதுதான் எனக்கு வேலை. அதத் தேடி எடுக்கவும் ஆளுங்க இருக்காங்கன்னா, முன்னாடியே சொல்லக்கூடாதா?"