அப்பா தின்னாத மக்ரூன்

அப்பாவுக்குச் சர்க்கரை வந்த வருஷம் அம்மா எனக்கு ஒரு வேலை போட்டுக் கொடுத்தாள். சம்பளம் கிடையாது, ஆனால் அந்தஸ்தான வேலை. சாயங்காலம் அப்பா கடற்கரைச் சாலையில் நடக்கப் போகும்போது நானும் கூடப் போக வேண்டும். எந்தக் கடையில் ஒதுங்குகிறார், என்ன தின்கிறார் என்று பார்த்து வந்து சொல்ல வேண்டும். நான்காம் வகுப்புப் படிக்கிற பெண்ணுக்கு இதைவிடப் பெரிய பதவி எங்கே கிடைக்கும்?

அப்பா தோணியில் தண்டல். தூத்துக்குடியிலிருந்து வெங்காயமும் சிமெண்டும் ஏற்றிக்கொண்டு மாலத்தீவுக்குப் போகிற தோணிக்கு அவர்தான் தலைவர், அதிலிருக்கும் ஆட்கள் அவர் சொல்லைத் தட்டமாட்டார்கள். ஐம்பதை நெருங்கும்போது கால் சுண்டுவிரலில் ஒரு புண் வந்து, ஆறமாட்டேன் என்று அடம்பிடித்தது. ரத்தத்தைச் சோதித்த டாக்டர் இனிமேல் கடலுக்குப் போகக் கூடாது என்றார். சர்க்கரை இறங்காவிட்டால் விரலை எடுக்க வேண்டியிருக்கும், விரலோடு நிற்கும் என்றும் சொல்ல முடியாது என்றார். எங்கள் தெருவில் ஒருவருக்கு அப்படித்தான் விரலில் ஆரம்பித்து முழங்கால் வரைக்கும் போயிருந்தது. அன்றிலிருந்து அம்மாவுக்குச் சரியான தூக்கமில்லை.

எனக்கோ ஒரே கொண்டாட்டம். அதுவரை அப்பா என்றால் சோப்பும் சாக்லேட்டுமாக வந்து, நாலு நாள் இருந்துவிட்டுப் போகிற ஆள். இப்போது எந்நேரமும் வீட்டிலேயே இருந்தார். இருந்தார் என்பதைத் தவிர அவர் என்ன செய்தார் என்று யோசித்தால் ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. அவர் இல்லாமலே ஓடிப் பழகிய வீடு அது. அவர் எந்த நாற்காலியில் உட்கார்ந்தாலும், சரியாக அந்த இடத்தில்தான் அம்மாவுக்குத் துணி மடிக்க வேண்டியிருக்கும். செய்தியில் வானிலை வந்தால் டிவிக்குப் பக்கத்தில் போய் நின்று பார்ப்பார். காற்று எந்தப் பக்கம் அடித்தால் இவருக்கென்ன என்று அம்மா சீரியலுக்கு மாற்றிவிடுவாள். அவரும் மெல்ல நகர்ந்துவிடுவார்.

அம்மா சோற்றை அளந்து போட்டாள். பாகற்காயும் கம்பங்கூழுமாக வீட்டில் எல்லோருக்கும் சர்க்கரை வந்த மாதிரி ஆயிற்று. அப்படியும் அப்பாவுக்குச் சர்க்கரை ஏறிக்கொண்டே போனது. வீட்டில் வழியில்லை என்றால் வெளியேதான் எங்கோ வாயை வைக்கிறார் என்று அம்மா முடிவு கட்டினாள். அவளைக் குறை சொல்ல முடியாது. தூத்துக்குடியில் இருந்துகொண்டு வாயைக் கட்டுவது லேசுப்பட்ட காரியமா? தெருமுனை பேக்கரியில் முந்திரியும் சீனியுமாக மக்ரூன் குவிந்து கிடக்கும். பொழுது சாய்ந்தால் சாலை முழுக்கப் பரோட்டா பொரிக்கிற வாசனை.

முதல் நாள் அப்பா என்னைப் பூங்காவில் விட்டார். "ஏளா, நீ இங்கன ஊஞ்சல் ஆடிக்கிட்டு இரு. நான் ஒரு சுத்து நடந்துட்டு வாரேன்" என்று சொல்லிவிட்டு, அம்மா வாங்கிக் கொடுத்த வெள்ளை ஷூவோடு போனார். நான் குதித்திறங்கிப் பின்னாலேயே போனேன்.

அவர் கடைப் பக்கமே திரும்பவில்லை. பூங்காச் சுவரைச் சுற்றிக்கொண்டு போய், மணலில் கிடந்த ஒரு கல்லில் உட்கார்ந்தார். எங்கள் ஊர்க் கடலில் அலை பேருக்குத்தான். தூரத்தில் பழைய துறைமுகத்தில் தோணிகளுக்குச் சரக்கு ஏறிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்தபடி அசையாமல் இருந்தார். அவருடைய தோணி ஆட்கள் சிலர் அந்த வழியாக வந்தார்கள். உடனே குனிந்து ஷூ கயிற்றை அவிழ்த்து, மறுபடி கட்ட ஆரம்பித்தார். "அண்ணாச்சியா அது?" என்று ஒருவன் கேட்டது எனக்கே கேட்டது. அப்பா நிமிரவில்லை. அவர்கள் கடந்து போகும்வரை அந்த முடிச்சு முடியவே இல்லை.

வெளிச்சம் மங்கியதும் எழுந்து பூங்காக் குழாயில் முகம் கழுவினார். சட்டைக் காலரையும் முதுகையும் நன்றாக நனைத்துக்கொண்டார். அதற்குள் நான் ஊஞ்சலுக்கு ஓடிவிட்டேன். வீட்டுக்குள் நுழைந்ததும் நல்ல வேர்வை என்றார்.

அடுப்படியில் வைத்து அம்மா விசாரித்தாள். கடைக்குப் போனாரா? இல்லை. யாரிடமாவது நின்று பேசினாரா? யாரிடமும் பேசவில்லை. பழைய கூட்டாளிகள் குடிக்கக் கூட்டிப் போய்விடுவார்கள் என்ற பயமும் அவளுக்கு இருந்தது. ஒன்றும் தின்னவில்லை, ஒருவரிடமும் பேசவில்லை என்றதும் அம்மாவின் முகத்தில் வந்த நிம்மதியை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. தினமும் அதே கேள்வி, அதே பதில், அதே நிம்மதி.

அடுத்த பரிசோதனையில் சர்க்கரை இன்னும் ஏறியிருந்தது. அம்மா ஆஸ்பத்திரிப் பையைக் கூடக் கீழே வைக்கவில்லை.

"காலு போயிருமேன்னு நான் கெடந்து சாவுதேன். அங்கன போயி என்னத்தத் திங்கிறிய?"

அப்பா குனிந்து செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். பிறகு, "மக்ரூன்" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. என் வேலைக்கே வந்த அவமானம் அது. "இல்லம்மா, பொய். அப்பா ஒண்ணும் திங்கல. பூங்கா சொவருக்கு அங்கிட்டு சும்மா உக்காந்திருந்தாவ" என்றேன்.

"சின்னப் புள்ள, அவளுக்கு என்ன தெரியும்? ஊஞ்சல்ல கெடந்தா. தின்னேன்னு நான்தான் சொல்லுதேன்லா."

அம்மா அவரைத்தான் நம்பினாள். அழுதாள், திட்டினாள், மறுபடி அழுதாள். அப்பா வேறு யாருக்கோ விழுகிற திட்டைக் கேட்பது போல நிதானமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். மறுநாள் காலையில் அம்மா பேக்கரிக்கே போய்ச் சண்டை போட்டாள். அண்ணன் கடைப்படி ஏறி மாசக்கணக்காகிறது என்று கடைக்காரர் மாதா மேல் ஆணையிட்டுச் சொன்னார். அம்மா அவரையும் நம்பவில்லை.

என் பதவி பறிபோனது. அன்றிலிருந்து அம்மாவே அப்பாவோடு நடந்தாள். பேக்கரியைக் கடக்கும்போது கையைப் பிடித்துக்கொள்வாள். உட்கார விடமாட்டாள். சர்க்கரை இறங்கியது, விரலும் தப்பியது. டாக்டர் அம்மாவைப் பாராட்டினார். மக்ரூன்தான் குற்றவாளி என்று வீட்டில் தீர்மானமாகிவிட்டது.

எனக்குக் கோபம் ஆறவேயில்லை. திட்டு வாங்காமலிருக்கப் பொய் சொல்வார்கள், அதில் நானே கெட்டிக்காரி. திட்டு வாங்குவதற்கென்று ஒருவர் பொய் சொல்லுவாரா? ஒருநாள் மத்தியானம், அம்மா இல்லாத நேரம் பார்த்து அவரிடம் நேராகவே கேட்டேன், நீங்கள் தின்னவில்லைதானே என்று.

அப்பா வாசலைப் பார்த்துக்கொண்டார். "தின்னேன்னா ஒங்கம்மா திட்டுவா. அதோட முடிஞ்சிரும். சும்மா உக்காந்திருந்தேன்னா, ஏன்னு கேப்பாள்லா" என்றார்.

கேட்டால் சொல்ல வேண்டியதுதானே, இதிலென்ன கஷ்டம் என்று நினைத்துக்கொண்டு நான் விளையாடப் போய்விட்டேன்.