தேய்ந்த சாவியும் நாலு அடுக்குக் கேரியரும்

வாடகை அறையின் சாவியைத் தொலைத்துவிட்டு நின்ற அன்றுதான் சாவிக்கார அக்காவை முதலில் பார்த்தேன். பேருந்து நிலையத்துக்குப் பின்னால் உள்ள சந்தில் ஒரு மேசை, சில அரங்கள், வளையம் வளையமாகத் தொங்கும் சாவிகள், அவ்வளவுதான் கடை. என்ன வேலை பார்க்கிறாய் என்று கேட்டார். எங்கள் குடும்பத்தில் முதல் பட்டதாரி நான். படிப்பைப் பற்றி யாராவது கேட்டுவிட்டால் வாய் மூடாது. மரபணு ஆலோசகர் என்றேன். வயிற்றில் இருக்கும் குழந்தைக்குப் பரம்பரை நோய் உண்டா என்று ஆரம்பத்திலேயே பார்க்கிற இடம் என்றேன். அரம் நின்றுவிட்டது. பிறக்காத பிள்ளையிடமிருந்து எதை எடுப்பீர்கள், அதற்கு வலிக்காதா, அம்மாவுடையது கலந்துவிட்டால் என்ன செய்வீர்கள்? சாவி என் கைக்கு வர ஒரு மதியம் போயிற்று.

அடுத்த வருடம் அவரே ஆஸ்பத்திரியில் என் அறைக்கு வந்தார், மூன்றாம் மாத வயிற்றோடு. கூடவே வேன் ஓட்டும் கணவர். ரத்தப் பரிசோதனையில் இருவருமே தலசீமியா என்ற ரத்த நோய்க்குக் கேரியர், அதாவது நோயில்லாமல் அதைச் சுமப்பவர்கள், என்று வந்திருந்தது. கணவர் என்னையும் தாளையும் மாறி மாறிப் பார்த்தார். அக்கா கைப்பையிலிருந்து நான்கு சாவிகளை எடுத்து மேசையில் வைத்தார். இரண்டு புதியவை, இரண்டு பல் தேய்ந்தவை.

"இதுல வச்சுச் சொல்லு தம்பி."

சொன்னேன். நல்ல ரத்தம் ஊற ஆளுக்கு இரண்டு சாவி. உங்கள் இருவரிடமும் ஒன்று நல்லது, ஒன்று தேய்ந்தது. நல்லது ஒன்று இருந்தாலே கதவு திறந்துவிடும். அதனால்தான் உங்களுக்கு ஒரு தொந்தரவும் இல்லை. பிள்ளைக்கு அம்மா ஒரு சாவி தருகிறாள், அப்பா ஒரு சாவி தருகிறார். இரண்டும் தேய்ந்ததாக அமைந்துவிட்டால் நோய். மாதா மாதம் ரத்தம் ஏற்ற வேண்டிவரும். அதற்கு வாய்ப்பு நாலில் ஒன்று.

அக்கா கண்ணை மூடிக்கொண்டு தன் பக்கம் ஒன்றும் கணவர் பக்கம் ஒன்றும் எடுத்தார். ஒன்று நல்லது. மறுபடி எடுத்தார். இரண்டும் தேய்ந்தவை. கணவர் சட்டென்று சாவிகளைக் கலைத்துவிட்டார்.

நஞ்சுக்கொடியிலிருந்து ஊசியால் துளி திசு எடுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். அரிதாகக் கரு கலைவதும் உண்டு என்றேன். கணவருக்குக் கடைசிப் பாதி மட்டும்தான் காதில் விழுந்தது. வேண்டாம், வருவது வரட்டும் என்றார்.

"இனிமே வர்றதுக்கு என்னங்க இருக்கு? உள்ள ஏற்கெனவே எடுத்தாச்சு. என்ன எடுத்தோம்னு பாக்க வேணாமா?"

"பாத்துட்டு? தேஞ்சதா இருந்தா என்ன பண்ணுவே?"

"தெரியல. தெரிஞ்சாத்தானே யோசிக்கவே முடியும்."

திசு எடுக்கும் நாளன்று, காத்திருக்கும் அறையில் அவருடைய மாமியார் நாலு அடுக்கு டிபன் கேரியரை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "ரெண்டு பேருக்கும் கேரியர்னு சொல்லிட்டாங்கம்மா" என்று மகன் சொன்னதை அவர் சாப்பாட்டுக்கு என்று எடுத்துக்கொண்டுவிட்டார். சோறுகூடப் போடாத ஆஸ்பத்திரியா என்று என்னிடம் சண்டை வேறு. விஷயத்தை விளக்கியதும் முகம் மாறிவிட்டது. யார் பக்கத்திலிருந்து வந்தது என்று கேட்டார்.

"ரெண்டு பக்கமும்தான் அத்தை. ரெண்டு அடுக்கு உங்க வீட்டுது."

சிரித்தபடியே உள்ளே போன அக்காவை, அசையாமல் படும்மா என்று டாக்டர் இரண்டு முறை அதட்ட வேண்டியிருந்தது. கணவர் கேரியரைத் தொடவே இல்லை.

முடிவுக்குக் காத்திருந்த நாட்களில் அக்கா இரண்டு தடவை வந்தார். முடிவைக் கேட்கவில்லை. எந்த இயந்திரம், அதில் எப்படித் தெரியும் என்று பார்க்க வேண்டுமாம். ஆய்வகக் கண்ணாடிக்கு வெளியே நிறுத்திக் காட்டினேன். "இதுல பல்லு எங்க தம்பி தெரியும்?" என்று மூக்கைக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு நின்றார். கண்ணாடியில் பட்ட மூச்சு மட்டும் வேகமாக இருந்தது.

முடிவு வந்த அன்று அவரிடமே சாவிகளை வாங்கி இரண்டை எடுத்து வைத்தேன். ஒன்று நல்லது, ஒன்று தேய்ந்தது. கணவர் சாவியைப் பார்க்கவில்லை, மனைவி முகத்தைப் பார்த்தார். அக்கா இரண்டின் பற்களையும் விரலால் தடவிப் பார்த்தார்.

"அப்ப இதுவும் கேரியர்."

நோய் வராது என்று நான் உரக்கச் சொன்ன பிறகுதான் கணவர் எழுந்து வெளியே போனார். கைகழுவும் இடத்தில் குழாயைத் திறந்துவிட்டு வெகுநேரம் சுவரைப் பார்த்து நின்றார்.

பெண் பிறந்தது. இப்போது இரண்டு வயது. பாட்டி அவளைக் கேரியர் என்றுதான் கூப்பிடுகிறார். பிற்காலத்தில் மாப்பிள்ளைக்கு என்ன பரிசோதனை கேட்க வேண்டும் என்று அக்கா இப்போதே என்னிடம் கேட்டு வைத்துக்கொண்டார். அதே சந்தில்தான் கடை. அவர் சாவி அராவுகிறார். மகள் மேசைக்கடியில் சாவிகளைக் கொட்டி விளையாடுகிறாள்.