கடைசிக்கு முந்தின சாப்பாடு

ருதிலியோ விற்றுப் பார்க்காத பொருள் இல்லை. விற்றுத் தீர்த்த பொருளும் இல்லை. உடம்பு இளைக்க டீத்தூள் விற்றார். மிஞ்சியதை அவரே குடித்துக் குண்டானார். கல்லறைக்கு இடம் தவணையில் விற்றார்; வாங்கியது மாமியார் ஒருத்திதான். மகளைக் கட்டியவனின் லட்சணம் தெரிந்தவள், முன்கூட்டியே இடம் பிடித்துக்கொண்டாள். ஒவ்வொரு தடவையும் அவர் சொல்லும் காரணம் ஒன்றுதான்: ஜனங்கள் இன்னும் தயாராகவில்லை. ஜனங்கள் தயாராகும் வரைக்கும் அவருக்குச் சாப்பாடு போட்டது மனைவி தொமித்திலா.

தொமித்திலாவின் சாப்பாட்டுக் கடை அகுல்சிங்கோ மலை இறக்கத்துக்குச் சற்று முன்னால், நெடுஞ்சாலையை ஒட்டி இருக்கிறது. பிரேக்கைச் சரிபார்க்க லாரிகள் அங்கே நிற்கும். நின்றவர்கள் மாட்டுக்கறிக் குழம்பும் சோள ரொட்டியும் சாப்பிட்டு, பட்டை போட்ட பானைக் காப்பி குடித்துவிட்டு இறங்குவார்கள். சுவரில் 'சாப்பாடு இருக்கு' என்று எழுதியிருந்தது. இருந்தது. வந்தார்கள். அவ்வளவுதான் வியாபாரம்.

அப்புறம் எதிர்ப்பக்கத்துப் பெட்ரோல் பங்கில் ஓர் உணவகம் திறந்தார்கள். குளிர்சாதனம், படம் போட்ட மெனு, கை வைத்தால் தானே தண்ணீர் ஊற்றும் குழாய். குழம்பு மட்டும் கழுவின தண்ணீர் மாதிரி இருந்தது. ஆனாலும் லாரிகள் அந்தப் பக்கம் திரும்பின. தொமித்திலா ஈ ஓட்டிக்கொண்டிருந்தபோது அந்த உணவகத்தின் மேனேஜர் நேரில் வந்தார். வயசுக்கு மரியாதை கொடுத்து, அந்த ஊர் வழக்கப்படி 'தோன்யா' என்று கூப்பிட்டார்.

"தோன்யா, எதுக்கு இந்த அடுப்புப் புகையில சாகறீங்க? எங்க சமையல்கட்டுக்கு வந்துடுங்க. மாசச் சம்பளம்."

கையோடு ஒரு வலைத்தொப்பியும் கொடுத்தார். அதைப் போட்டுக்கொண்டு, அவர்கள் சொல்லும் அளவுக்கு உப்புப் போட வேண்டும். தொமித்திலாவுக்கு அந்தத் தொப்பியைப் பார்க்கும்போதெல்லாம் தலை அரித்தது. இந்த மாதம் இப்படியே போனால் போட்டுத்தான் ஆக வேண்டும்.

அந்த நேரம் பார்த்துத்தான் ருதிலியோ படித்துக்கொண்டிருந்தார். போனில் ஒரு வகுப்பு. பளிச்சென்ற பல்வரிசையோடு ஒருத்தன், மனித மனசுக்குள் புகுந்து விற்பது எப்படி என்று சொல்லிக்கொடுத்தான். மனைவியின் மனசுக்குள் இத்தனை வருஷமாகப் புகத் தெரியாதவர் கண்ணை மூடி, தலையாட்டிக் கேட்டார்.

"பிரச்சினை உன் குழம்புல இல்ல, தொமி. சுவத்துல இருக்கு."

"சுவத்த யாருய்யா சாப்பிடறா?"

"அதான் உனக்குப் புரியல. யாரும் குழம்பு வாங்கறது இல்ல. உணர்ச்சிய வாங்கறாங்க."

"அப்ப எலும்பு எதுக்கு? உணர்ச்சியையே ஊத்திக் குடுக்கறேன்."

"கேலி பண்ணு. மனுஷனுக்குக் கிடைக்கப்போறத விட, கைவிட்டுப் போறதுதான் பெருசாத் தெரியும். இன்னும் கொஞ்சம்தான் இருக்கு, இதுதான் கடைசின்னு சொன்னா ஓடி வருவான். இது விஞ்ஞானம்."

தொமித்திலா வெங்காயம் நறுக்கப் போய்விட்டாள். வேறு வழியும் அவளுக்குத் தெரியவில்லை; எழுதித் தொலையட்டும் என்று விட்டாள். ருதிலியோ ஏணி போட்டு ஏறி, சிவப்புப் பெயிண்டில், வளைவு திரும்பும்போதே தெரிகிற மாதிரி எழுதினார்:

'கவனம்! இறக்கத்துக்கு முன்னால் உங்கள் கடைசிச் சாப்பாடு. தவற விடாதீர்கள்.'

மறுநாள் பலன் தெரிந்தது. லாரிகள் வேகம் குறைத்தன. டிரைவர்கள் தலையை நீட்டிப் படித்தார்கள். நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டார்கள். கண்ணாடிக்குக் கீழே ஒட்டியிருந்த மாதா படத்தைத் தொட்டு முத்தமிட்டார்கள். அப்புறம் ஆக்சிலேட்டரை மிதித்தார்கள்.

"பாத்தியா, எல்லாரும் படிக்கறான்," என்றார் ருதிலியோ. "மனசுல பதிஞ்சிருக்கு."

"நல்லாப் பதிஞ்சிருக்கு. வழக்கமா வர்றவன்கூட வரல."

வாரக் கடைசியில் ஒருத்தன் வந்தான். நபோர், சிமெண்டு லாரி ஓட்டுகிறவன், பழைய வாடிக்கை. லாரியைத் தூரத்தில் நிறுத்திவிட்டு, சுவர் பக்கம் பார்க்காமல் கொல்லை வழியாக, கோழித் திருடன் மாதிரி உள்ளே வந்தான்.

"தோன்யா, அந்தச் சுவத்துல எந்தக் கழுதை எழுதினான்?"

"என் வீட்டுக் கழுதைதான். சொல்லு."

நபோர் ருதிலியோவைப் பார்த்தான். "அண்ணே, கீழ வளைவுக்கு வளைவு சிலுவை நட்டிருக்கே, பாத்ததே இல்லையா? மூணாவது வளைவுல இருக்கறது என் மச்சான். அவன் கடைசியா சாப்பிட்டது இந்தக் கடையிலதான். அந்த நெனப்பை நானே முழுங்கிட்டு வந்து உக்கார்றேன். நீங்க அதைப் பெயிண்ட்ல எழுதி வச்சிருக்கீங்க."

ருதிலியோ போனை எடுத்து வகுப்பைத் தேடினார். பல்வரிசைக்காரன் சிலுவையைப் பற்றிப் பாடம் எடுத்திருக்கவில்லை.

தொமித்திலா குழம்பை ஊற்றிக்கொண்டே கேட்டாள். "யோவ், மதுக்கடையில கிளம்பறப்ப ஒண்ணு கேப்பியே, என்னன்னு கேப்ப?"

"கடைசிக்கு முந்தினது ஒண்ணு குடுன்னு கேப்பேன்."

"கடைசி ஒண்ணுன்னு ஏன் கேக்கறதில்ல?"

"அடிப் பைத்தியமே, அப்படி யாராவது கேப்பானா? கடைசின்னா செத்துப் போ..."

பிறந்ததிலிருந்து ஒரு தடவைகூடக் கடைசிக் கிளாஸ் கேட்காத மனுஷன், ஊருக்கெல்லாம் கடைசிச் சாப்பாடு போட்டிருக்கிறார். காது சிவந்தது. பெயிண்டை விட நல்ல சிவப்பு.

"ஏணியப் பிடி," என்றாள் தொமித்திலா.

சேலைத் தலைப்பு மாதிரி கவுனை இடுப்பில் சொருகிக்கொண்டு அவளே ஏறினாள். சுவரை வெள்ளையடிக்கப் பெயிண்டும் இல்லை, பொறுமையும் இல்லை. அவர்கள் பாஷையில் கடைசிக்கு 'உல்தீமா' என்று பெயர்; அதற்கு முன்னால் 'பென்' என்று மூன்று எழுத்துச் சேர்த்தால் 'பெனுல்தீமா', அதாவது கடைசிக்கு முந்தினது ஆகிவிடும். இடம் போதாமல் எழுத்து மூன்றும் நெருக்கியடித்து, பஸ்ஸில் படிக்கட்டில் தொங்குகிறவன் மாதிரி ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றன. 'இறக்கத்துக்கு முன்னால் உங்கள் கடைசிக்கு முந்தின சாப்பாடு.' 'கவனம்' என்பதை மட்டும் கரித்துணியால் தேய்த்து அழித்தாள்.

முதலில் நின்றது ஒரு கரும்பு லாரி. டிரைவர் சிரித்துக்கொண்டே இறங்கினான்.

"தோன்யா, கடைசிக்கு முந்தினது ஒரு தட்டு. அடுத்தது திரும்பி வர்றப்ப."

"வந்துதான் ஆகணும். அந்தத் தட்டுக்கும் சேத்து இப்பவே காசு குடுன்னு கேக்கமாட்டேன், பயப்படாத."

அவன் சுவரைப் படம் பிடித்து மற்ற டிரைவர்களுக்கு அனுப்பினான். பெட்ரோல் பங்க் பக்கம் திரும்பின லாரிகள் பழையபடி இந்தப் பக்கம் திரும்பின. மேனேஜர் மறுபடி ஆள் அனுப்பிப் பதில் கேட்டார். தொமித்திலா சோளமாவை உருட்டிக்கொண்டே முடியாது என்று தலையாட்டி அனுப்பிவிட்டாள்.

ருதிலியோ இப்போது முடிதிருத்தும் கடையில் உட்கார்ந்து, இதெல்லாம் திட்டமிட்டுச் செய்தது என்கிறார். முதலில் பயமுறுத்த வேண்டும், அப்புறம் ஆறுதல் தர வேண்டும்; இரண்டு கட்டம்; விஞ்ஞானம். கேட்டவர்கள் வந்து சொன்னபோது தொமித்திலா மறுக்கவில்லை. வெங்காயக் கூடையை அவர் முன்னால் தள்ளினாள்.

"இது மூணாவது கட்டம். நறுக்கு."

வலைத்தொப்பியை அவள் திருப்பிக் கொடுக்கவில்லை. சீஸ் உருண்டை மேல் கவிழ்த்து வைத்திருக்கிறாள். ஈ மொய்க்காமல் இருக்க நல்ல பொருள்.